எதிர்காற்றுக்கு ஒரு படகு

12 ஜனவரி 1986, ஞாயிறு. திண்டிவனம்

கடும் பனி. எதிர்வீட்டு முருங்கை எட்டரைக்குத்தான் வெளியே வந்தது. முழங்கால் வலி வழக்கம்போல். புதிதாக எழுத ஒன்றுமில்லை.

நேற்று பொம்மையார்பாளையம் போனது பற்றி. கோட்டக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் நடை. நோக்கம் ஒன்றே: பாய் கட்டிய கட்டுமரத்தில் ஒருமுறை ஏறுவது. கல்லூரியில் இருந்த காலமெல்லாம், பாய்மரப் படகு எதிர்காற்றில் எப்படி முன்னேறுகிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியவள் நான். விசைகளின் இணைகரம், கூறுகள், மற்றவை. மாணவிகள் எழுதிக்கொண்டார்கள். தேர்விலும் எழுதினார்கள். அவர்களோ நானோ படகில் கால் வைத்ததில்லை. கரையில் நின்று பார்த்தால் போதாது. கையில் பிடித்த கயிறு அப்போது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும்.

கரையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர்: "பொம்பளைங்க மரத்துல கால் வைக்கறதில்லம்மா. வழக்கம் கெடயாது."

"நான் கிழவிப்பா."

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்: "கெழவி ஆயிட்டா ஆம்பளைன்னு அர்த்தமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். தர்க்கத்தில் பிழை இல்லை. வறுத்த நெத்திலி கொடுத்து அனுப்பினார்கள்.

திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு. சொந்தமாக ஒன்று செய்வது. கடல் தேவையில்லை, மயிலம் சாலை ஏரி இந்த மழைக்கு நிரம்பிக் கோடி வழிந்து நிற்கிறது. பொங்கல் கழித்து மதகைத் திறந்து நெல்லுக்குப் பாய்ச்சத் தொடங்குவார்கள். பங்குனி வந்தால் எருமை படுக்கத்தான் தண்ணீர் இருக்கும். ஆகவே மாசிக்குள்.

18 ஜனவரி, சனி

வெயில். பொங்கல் கரும்புச் சக்கை தெருவெங்கும்.

வரைபடம் கிடைத்துவிட்டது. பழைய ஆங்கில இதழ் ஒன்றில் மூன்று பக்கம்; தட்டை அடி, மழுங்கிய மூக்கு, ஒரே பாய், இருவர் உட்காரலாம். அறிவுள்ள வடிவம். பின்கட்டில் மாட்டுக்கொட்டகை காலி; ஒரு பக்கம் முழுதும் திறப்பு. ("கட்டி முடிச்சிட்டு வாசல்ல எப்பிடி டீச்சர் வெளிய எடுப்பீங்க?" என்று முதல் கேள்வியாகக் கேட்டாள் பக்கத்து வீட்டு பிலோமினா. ஓய்வு பெற்ற நர்ஸ். பிரசவம் பார்த்த புத்தி.)

தச்சர் ஆறுமுகம் வந்தார். கதவு, நிலை, கட்டை வண்டி செய்பவர். இனி ஆ. என்று எழுதுகிறேன், மை மிச்சம். படத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"படகாம்மா? நம்ம ஊருக்கு வெள்ளம் வருதுன்னு ரேடியோல எதுனா சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப எதுக்கும்மா?"

"காத்துக்கு எதிரா போகுமான்னு பாக்க."

"போவலன்னா?"

"போகலன்னு தெரிஞ்சிக்குவேன்."

காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "வேலை செஞ்சிக்கினு இருக்கறப்ப யாருனா கேப்பாங்கம்மா. என்னான்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க."

தலையாட்டினார். திருப்தியாகத் தெரியவில்லை.

22 ஜனவரி, புதன். விழுப்புரம்

ஆ.வுடன் மரவாடிக்கு. ரயில்வே கேட்டில் நீண்ட காத்திருப்பு. வெல்ல லாரி ஒன்றைச் சுற்றி ஈ.

மரவாடிக்காரர் முதலில் என்னைப் பார்க்கவே இல்லை. "படகா? நமக்கு ஒத்து வராதுங்க, மரக்காணம் பக்கம் போங்க." ஆ. அவரைத் தனியே அழைத்துப்போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்த மனிதர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தானே அடுக்கில் ஏறி, முடிச்சில்லாத மாம்பலகைகளாகப் பொறுக்கினார். ஒன்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்ல காரியத்துக்குப் போவுது. சும்மா ஏனோதானோன்னு குடுக்கக் கூடாது."

இயற்பியலுக்கு விழுப்புரத்தில் இவ்வளவு மரியாதை இருப்பது எனக்கு இதுவரை தெரியாது.

மத்தியானச் சாப்பாடு தங்கை சரோஜா வீட்டில். வத்தக்குழம்பு நன்று. பேச்சு அல்ல.

"அக்கா, உனக்கு அறுபத்தெட்டு வயசு."

"தெரியும். அத்தனை வருஷமும் கூடவே இருந்தேன்."

"தண்ணியில விழுந்தா?"

"நனைவேன்."

அவள் கணவர் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அதன் பின்னால் தோள் குலுங்கியது.

2 பிப்ரவரி, ஞாயிறு

கீழ்க்காற்று தொடங்கிவிட்டது. தினமும் மூன்று மணிக்கு மேல், கடலிலிருந்து, சீராக.

படகு கவிழ்ந்த நிலையில் வளர்கிறது. அடிப்பலகைதான் இப்போது கூரை. ஆ. பலகைகளை நெருக்கி முளை அடித்திருக்கிறார். இடுக்கில் பஞ்சுத்திரி, அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய குழம்பு. தெரு முழுக்கக் கோயில் வாசனை. பாய்மரத்துக்குச் சவுக்குக் கழி. உரித்து நிழலில் காய்கிறது. வளைவு சிறிதுண்டு. எனக்கும் உண்டு.

சண்டை ஒன்று. அடிப்பலகையின் நடுவே நீளவாக்கில் ஒரு திறப்பு வேண்டும். அதைச் சுற்றி மேலே பெட்டி. பெட்டி வழியாக ஒரு பலகை தண்ணீருக்குள் இறங்க வேண்டும்.

"நல்ல பலகையில ஓட்டை போடச் சொல்றீங்களேம்மா. ஓட்டைப் படகுன்னா ஊர்ல என்னா சொல்லுவாங்க?"

விளக்கினேன். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளும். தண்ணீருக்குள் இருக்கும் பலகை பக்கவாட்டில் நகர மறுக்கும். இரண்டுக்கும் நடுவே மாட்டிய படகுக்கு முன்னே போவதைத் தவிர வழியில்லை. புரியவில்லை. சமையலறையிலிருந்து ஈரப் புளியங்கொட்டை ஒன்றை எடுத்து வந்து, இரு விரலுக்கிடையே வைத்து அழுத்தச் சொன்னேன். எகிறிப் போய் பிலோமினாவின் தகரக் கதவில் பட்டது. உள்ளிருந்து "யார்ரா அது?"

"த்தோ, போவுதே," என்றார் ஆ. இன்னும் நான்கைந்து கொட்டைகள் அழுத்திப் பார்த்தார். பிறகு உளியை எடுத்தார்.

வாங்க வேண்டியவை: செம்பு ஆணி. தேங்காய் நார்க் கயிறு வேண்டாம், நைலான். தார். எனக்குத் தைலம்.

விந்தை: படகின் மூக்கில் குங்குமப் பொட்டு. யார் வைத்தது என்று கேட்டால் ஆ. இழைப்புளியைக் கூர் பார்க்கிறார். பீடியும் விட்டுவிட்டாராம். செருப்பும் இல்லை.

7 பிப்ரவரி, வெள்ளி

பாய் தைக்கிறாள் பிலோமினா. காடாத்துணி, இரட்டைத் தையல், ஓரத்தில் கயிறு. மெஷின் ஊசி இரண்டு முறிந்தன.

"வயித்தையே தைச்சவ டீச்சர் நான். இது பிரியாது."

"அந்த வயிறெல்லாம் பிரியலயா?"

"கேக்கறதுக்கு ஆள் இருந்தா பிரியலன்னுதான் அர்த்தம்."

பாயின் மூலைகளில் மஞ்சள் தடவியிருக்கிறாள். ஆசாரி சொன்னாராம், பூச்சி அரிக்காது என்று. இருக்கலாம். மஞ்சளுக்கு அந்தக் குணம் உண்டு.

நாளை விழுப்புரம். சரோஜாவின் பேத்திக்குக் காதுகுத்து. போகாவிட்டால் ஓர் ஆண்டுக்குப் பேச்சு. போனால் இரண்டு நாள் பேச்சு. பின்னதே சிக்கனம்.

10 பிப்ரவரி, திங்கள்

திரும்பினேன். காது குத்தப்பட்டது, எல்லாரும் அழுதார்கள், குழந்தை தவிர.

நான் இல்லாதபோதே ஆ. அடியில் தார் பூசி, ஆள் வைத்துப் படகை நிமிர்த்திவிட்டார். கறுப்பாய், பளபளவென்று. உள்ளே நடுவில் பெட்டி; அதில் பலகை கச்சிதமாக நின்றது. ஏறி உட்கார்ந்தேன். மாட்டுக்கொட்டகையில், தரையில், சுக்கானைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

"பிரயாணம் சவுகரியமா டீச்சர்?" சுவருக்கு மேலே பிலோமினாவின் தலை.

16 பிப்ரவரி, ஞாயிறு

தெளிந்த வானம். மூன்றரைக்குக் கீழ்க்காற்று. முதல் சோதனை. தோல்வி.

ஒழுங்காக எழுதுகிறேன். ஏரிக்குக் கிழக்கே கரை. கரைமேல் மதகு, கெங்கையம்மன் கோயில், ஊர். மேற்கே எதிர்க்கரை, அது வேறு ஊர். காற்று கிழக்கிலிருந்து மேற்காக. கட்டை வண்டியில் படகைக் கொண்டுபோய் மதகருகே இறக்கினோம். கழனியில் நின்றவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்; எதிர்ப்புச் சொல்வார்கள் என்று பார்த்தால் கை கூப்பினார்கள்.

நானும் ஆ.வும் ஏறினோம். போகும்போது நன்றாகப் போயிற்று. பின்காற்றில் எதுவும் போகும்; கோரைப்பாயும் போகும். ஏரி நடுவில் திரும்பினேன். பாயை இழுத்துக் கட்டி, மூக்கைக் காற்றுக்குச் சற்றே சாய்வாக வைத்தேன். மூக்கு கிழக்கைப் பார்த்தபடியே படகு நண்டாக மேற்கே நகர்ந்தது. எவ்வளவு முயன்றும் அதே. ஊன்றித் தள்ளலாம் என்றால் மூங்கில் கழி ஏரியின் அடியைத் தொடவில்லை. கடைசியில் எதிர்க்கரைக் கோரைப்புல்லில் சொருகி நின்றோம். ஆ. கழுத்தளவு நீரில் நடந்து, கயிறு கட்டி ஓரமாகவே கிழக்குக் கரைக்கு இழுத்து வந்தார். நான் நடந்தேன். சுற்றுவழி. சேறு.

"போவலம்மா," என்றார் ஆ. குரலில் ஏமாற்றமே இல்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது. என் கணக்கு தவறா? அத்தனை புத்தகமும் தவறா? இரண்டும் இல்லையென்றால் படகு தவறு.

17 பிப்ரவரி, திங்கள்

படகே.

காலையில் ஏரிக்கரைக்குப் போய், நடுப்பெட்டியிலிருந்து பலகையை உருவிவிட்டு, கையை உள்ளே விட்டேன். தண்ணீர் தட்டுப்பட வேண்டிய இடத்தில் மரம். திறப்பை அடியிலிருந்து பலகை அடித்து மூடி, மேலே தார். நான் காதுகுத்தில் இருந்தபோது.

ஆ.வை வரவழைத்தேன். மறுக்கவில்லை.

"எப்பிடிம்மா? அடியில ஓட்டையோட அம்மனை ஏத்தறதா?"

"எந்த அம்மனை?"

நின்றுகொண்டே சொன்னார். படகு எதற்கு என்று மரவாடிக்காரர் கேட்டாராம். காற்றுக்கு எதிரே போகுமா என்று பார்க்க ஓர் அம்மா படகு கட்டுகிறார் என்று சொல்ல வாய் வரவில்லையாம். ஆகவே, வேண்டுதல் என்றாராம். ஏரிக்கரை கெங்கையம்மனுக்குத் தெப்பம் கட்டி விடுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று. அதைத்தான் என் தெருவிலும் சொன்னார். ஏரி ஊரிலும். குங்குமம், மஞ்சள், கை கூப்பல், எல்லாவற்றுக்கும் விளக்கம் வந்துவிட்டது.

"நீங்க சொன்னதச் சொன்னா என்னை பைத்தியம்னு சொல்லுவாங்கம்மா."

"என்னைத்தானே சொல்லுவாங்க."

"உங்களச் சொன்னா பரவால்லம்மா. உங்ககிட்ட வேலை செய்றவன் நான். எனக்கு நாளைக்கு எவன் கதவு குடுப்பான்?"

கோபத்தில் நேராக வீட்டுக்கு வந்தேன். சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

பிலோமினாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "நீங்க மனசு மாறி சாமி பக்கம் வந்துட்டீங்கன்னு சந்தோஷப்பட்டேன் டீச்சர். எங்க மாதாவா இருந்தா இன்னும் நல்லாருக்கும்னு நெனச்சேன், சொல்லல."

18 பிப்ரவரி, செவ்வாய்

கோவிந்தசாமி வந்தார். ஏரி ஊர்க்காரர், கோயில் தருமகர்த்தா, ஏரிப் பாசனத்தில் சொந்த நிலம். சாமந்தி மாலையோடு வந்தார். தெப்பம் வெள்ளிக்கிழமை என்று ஊர் கூடி முடிவு செய்துவிட்டார்களாம். முன்பு பீப்பாய்த் தெப்பம் இருந்தது. ஒரு வருஷம் நடு ஏரியில் பிரிந்துபோனதோடு நின்றுவிட்டது.

ஒன்று புரிந்தது. உண்மையைச் சொன்னால் ஏரி போச்சு. அம்மன் ஏரியில் விளையாட்டுப் படகை எவர் விடுவார்? சொல்லாவிட்டால் படகு போச்சு. யோசித்துவிட்டுச் சொல்லிவிட்டேன். மாலையை வாங்கிக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"நான் ஒண்ணும் வேண்டிக்கலைங்க. ஆசாரி சொன்னது அவரா சொன்னது."

அவர் முன் வைத்த காப்பியில் ஆடை படிந்தது.

"அப்ப எதுக்குங்க இம்மாம் பாடு?"

"எதிர்காத்துல போகுமான்னு தெரிஞ்சிக்கணும்."

"தெரிஞ்சி?"

"தெரிஞ்சிக்கறதுதான்."

"வேற ஒண்ணும் வேணாமா?"

"வேணாம்."

காப்பியைக் குடித்து முடித்தார். "அதாங்க வேண்டுதல். எங்க ஊர்ல மாடு வேணும், புள்ள வேணும்னு கேப்பாங்க. நீங்க இதக் கேக்கறீங்க. யாரைக் கேக்கறோம்னுதான் உங்களுக்குத் தெரியல."

டம்ளரை எடுத்து உள்ளே வைத்தேன்.

பிறகு பேரம். அடித்திறப்பை மறுபடி திறக்க வேண்டும். சுக்கான் என் கையில். அவர் தயங்கினார். பூசாரி அல்லவா ஓட்ட வேண்டும்? "பூசாரிக்குத் திரும்பி வரத் தெரியுமா?" என்றேன்.

"உங்களுக்கு?"

"ஞாயித்துக்கெழமை தெரியல."

அவர் கவலை என்னுடையதைவிடப் பெரிது. போகும் வழி பின்காற்று. திரும்பும் வழி எதிர்காற்று. நடுவில் கழி எட்டாது. எதிர்க்கரையில் சொருகிக்கொண்டால் அம்மன் அடுத்த ஊரில் இரவு தங்க வேண்டிவரும். "அவங்க திருப்பித் தர மாட்டாங்க. தேடி வந்துட்டான்னு சொல்லிக் கோயில் கட்டிடுவாங்க. பெரிய பேஜாரு."

தார் காய வெள்ளி மத்தியானம் ஆகும் என்கிறார் ஆ. ஆகவே மறுசோதனை கிடையாது. சோதிக்காத கருவியில் பயணியை ஏற்றுவது முறையல்ல என்று கோவிந்தசாமியிடம் தெளிவாகச் சொன்னேன்.

"அம்மன் பாத்துக்கும்ங்க."

அப்படியானால் நான் எதற்கு என்று கேட்கவில்லை.

21 பிப்ரவரி, வெள்ளி

மத்தியானம் வரை காற்றே இல்லை. சாப்பாட்டுக்கு மோர் மட்டும்.

நான்கு மணிக்குக் காற்று வந்தது. கோயில் கொடி மேற்கே விறைத்து நின்றது.

கரை முழுக்க ஜனம். பம்பை, உடுக்கை, மல்லாட்டை (வேர்க்கடலைதான்) வியாபாரம். உற்சவர் பித்தளை, முழ உயரம்கூட இல்லை. பாய்மரத்தின் அடியில் வைத்துச் சிவப்புத் துணியால் கட்டினார்கள். பூசாரி கற்பூரம் காட்டினார், படகுக்குள் எட்டிப் பார்த்தார், பெட்டியில் தளும்பிய தண்ணீரைக் கண்டார். "எனக்கு நீச்சல் தெரியாதுங்க," என்று ஒதுங்கிக்கொண்டார். ஆ. ஏறினார். அவருக்கு வேறு வழியில்லை.

போனோம். எதிர்க்கரைக்கு ஒரு கல்லெறி தூரத்தில் நிறுத்தினேன். அந்த ஊர்க்காரர்களும் வந்து நின்றிருந்தார்கள். தாம்பாளத்தோடு. கோவிந்தசாமி சொன்னது மிகையல்ல.

நடுப்பலகையை முழுதும் இறக்கிவிட்டுத் திருப்பினேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பாய் படபடத்தது. கயிற்றை இழுத்தேன். பாய் நிறைந்தது, படகு சாய்ந்தது.

"அம்மா, கவுருதும்மா."

"கவுராது. அந்தப் பக்கம் ஏறி உக்காருங்க."

"அம்மனும் சாயுதே."

"அம்மன் கட்டியிருக்கு. நீங்கதான் கட்டல. உக்காருங்க."

உட்கார்ந்தார். கயிறு என் கையில் விறைத்தது. தாயைக் கண்ட கன்றின் கயிறுபோல் இழுத்தது, ஆனால் இழுத்த பக்கம் படகு போகவில்லை. மூக்கடியில் தண்ணீர் சளசளவென்று பேச ஆரம்பித்தது. மதகின் தூணையும் அதன் பின்னால் நின்ற ஒற்றைப் பனையையும் சேர்த்துப் பார்த்தேன். பனை தூணை விட்டு விலகியது. நகர்கிறோம். கிழக்கே. காற்று முகத்தில் அடிக்க, அடிக்க, கிழக்கே.

கிழக்கே என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன். கயிறு பிடித்த களைப்பு.

இரண்டாவது திருப்பத்தில் தவறினேன். மூக்கு நேராகக் காற்றுக்குள் மாட்டி, படகு நின்று, பின்னோக்கி நழுவத் தொடங்கியது. கரையில் பம்பை நின்றது. ஆ. கண்ணை மூடிக்கொண்டு அம்மனின் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டார். "அதை விட்டுட்டுப் பாயைப் புடிச்சித் தள்ளுங்க, அந்தப் பக்கமா." தள்ளினார். மூக்கு ஒரு பக்கம் விலகியது, பாய் நிறைந்தது, மறுபடி சளசளப்பு. அதன் பிறகு தவறவில்லை. குறுக்கும் நெடுக்குமாக, ஏரியைத் தைத்துக்கொண்டே வந்தோம். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மதகு.

கோவிந்தசாமி முழங்கால் நீரில் இறங்கி நின்றார். "வந்துட்டா," என்றார். என்னையல்ல.

கரையில் எல்லாரும் ஒன்றே சொன்னார்கள்: அம்மனுக்காகக் காத்தே திரும்பிக்கிச்சி. கொடியைக் காட்டினேன். கொடி அதே மேற்கே. யாருக்கும் கொடியைப் பார்க்க நேரமில்லை. மல்லாட்டை விற்ற பெண் ஒருத்தி மட்டும் அண்ணாந்து பார்த்தாள். கொடியை, பாயை, மறுபடி கொடியை.

"காத்து மாறலியே. அப்ப எப்பிடிம்மா வந்தீங்க?"

வகுப்பில் ஒருத்தியும் இந்தக் கேள்வியை இந்த முகத்தோடு கேட்டதில்லை. சொல்ல வாயெடுத்தேன். பம்பை மீண்டும் தொடங்கிவிட்டது.

22 பிப்ரவரி, சனி

உடம்பு முழுக்க வலி. உள்ளங்கையில் கொப்புளம், பிலோமினா மருந்து போட்டாள், தைக்க வேண்டியதில்லையாம். ஆ. பீடியை மறுபடி தொடங்கிவிட்டார்.

மதகில் தண்ணீர் இறங்குகிறது. பாசனம் முழுவீச்சில்.

பதினோரு மணிக்குக் கோவிந்தசாமி. பிரசாதம், தேங்காய் மூடி. படகைக் கோயில் கொட்டகையில் பூட்டியாயிற்றாம். இனி அது அம்மனுடையது. வேறு ஆள் ஏறக் கூடாது. எதிர்பார்த்ததுதான். ஆனால் நேற்று இரண்டாவது திருப்பம் ஏன் தவறியது? வேகம் போதவில்லையா, சுக்கானை அதிகமாகத் திருப்பினேனா? இன்னொரு முறை போகாமல் தெரியாது.

"நாளைக்கு நான் மட்டும் ஒரு தடவ போய் வரலாமா?"

"அம்மன் இல்லாம அந்தப் படகு தண்ணியில எறங்கக் கூடாதுங்க."

"அம்மனோட?"

"அம்மனோடன்னா போவலாம்."

"நாளைக்கே? நாளன்னைக்கும்?"

தாடையைச் சொறிந்தார். தண்ணீர் இருக்கும்வரை என்று நான் கேட்க வருவது அவருக்குப் புரிந்துவிட்டது. "அது நாம சொல்றதில்லைங்களே. அம்மனுக்கு ஆசை இருந்தா."

"இருக்கு," என்றேன்.